பொழுதுபோக்கும் போற்றத்தக்க பெரியாரும்

பள்ளி விட்டு வந்த சிறுவன் மூங்கிற் சிம்பும் கடதாசியும் றப்பர் நாடாவும் கொண்டு மாதிரி விமானம் ஒன்று செய்ய முனைகின்றான். அவன் தமையனோ கிற்றார் ஒன்றை மடியில் வைத்து, விரல் நோகும்வரை நரம்புகளை மீட்டிக் கொண்டிருக்கின்றான். "சோதனை வருகின்றது, இந்த விளையாட்டெல்லாம் எதற்கு?" என்ற குரல் அடுக்களையிலிருந்து எழுகின்றது. மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் உள்ள வீடுகளில் இக்காட்சி புதியதன்று. பெற்றோர் கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆயினும் அக்கேள்விக்கு விடை காணுமுன், பொழுதுபோக்கு என்பது யாது, நாம் பெரியார் என்று போற்றுவது எவரை என்னும் இரண்டையும் சற்றே சிந்தித்தல் நன்று.

பொழுதைப் போக்குவது வேறு. பொழுதை ஆக்குவது வேறு. பிறர் பாடிய பாட்டைக் கைத்தொலைபேசியில் கேட்டுக் கிடப்பது முதலாவது வகை. அப்பாட்டின் ஒரு சுரத்தையேனும் நம் விரலால் எழுப்ப முயல்வது இரண்டாவது வகை. முதலாவதில் நேரம் செலவாகின்றது. இரண்டாவதில் நேரம் விதையாகின்றது. அவ்விதை எவ்வளவு பெரிய மரமாகும் என்பதை உலக வரலாறு பலமுறை காட்டியிருக்கின்றது.

விளையாட்டுப் பொருளும் விமானமும்

அமெரிக்காவில் 1878ஆம் ஆண்டில் ஒரு தந்தையார் தம் சிறுவர் இருவருக்கும் ஒரு விளையாட்டுப் பொருள் வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், கடதாசி இவற்றாலாகி, முறுக்கிய றப்பர் நாடாவின் விசையால் மேலே பறக்கும் சிறு பொம்மை அது. அது உடைந்தபோது சிறுவர் தாமே வேறொன்று செய்தனர். அச்சிறுவரே பின்னாளில் சைக்கிள் கடை நடத்திய ரைற் சகோதரர். 1903 டிசெம்பர் 17ஆம் நாள் அவர்கள் செய்த விமானம் முதன்முறை 12 வினாடி நேரம் 120 அடி தூரம் பறந்தது. சைக்கிள் கடை அவர்களுக்குச் சோறு போட்டது. பொழுதுபோக்கு அவர்களுக்குச் சிறகு தந்தது.

நம் அயலிலும் உதாரணம் உண்டு. சி. வி. இராமன் 1907இல் இந்திய அரசாங்கத்தின் நிதித் திணைக்களத்தில் உத்தியோகம் ஏற்றுக் கல்கத்தா சென்றார். பகலெல்லாம் கணக்கேடு, அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் அங்கிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுகூடம். வயலினும் வீணையும் மிருதங்கமும் அவர் ஆராய்ந்த பொருள்களுள் அடங்கும். மிருதங்கத் தோலின் நடுவே அப்பிய கரும்பசையே அதன் ஒலியை வெறும் ஓசையாக விடாமல் இனிய நாதமாக்குகின்றது என்பதை விஞ்ஞான முறையில் விளக்கியவர் அவர். ஒளிபற்றிய ஆராய்ச்சிக்காக 1930இல் நோபல் பரிசு பெற்ற அப்பெரியார், பத்தாண்டுக் காலம் விஞ்ஞானத்தை ஓய்வு நேரத்திலேயே வளர்த்தார் என்பதை மாணவர் மறத்தலாகாது.

நம் மண்ணின் பெரியார்

தொலைவில் தேட வேண்டியதில்லை. மட்டக்களப்புத் தமிழகத்தைச் சேர்ந்த காரைதீவிலே 1892இல் மயில்வாகனன் என்ற பெயருடன் பிறந்த சுவாமி விபுலாநந்தரை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் பயின்றவர், ஆசிரியரானவர், விஞ்ஞானம் கற்பித்தவர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும், 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் சித்தியெய்தினார். 1924இல் இராமகிருஷ்ண சங்கத்தில் துறவு பூண்டார். வாவிக்கு அப்பால் கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார்.

இத்தனை கடமைகளுக்கிடையே ஒரு கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது: பழந்தமிழர் மீட்டிய யாழ் எத்தகையது? அவர் காலத்தில் யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் கழிந்துவிட்டன. கண்டவரும் இல்லை, கேட்டவரும் இல்லை. எஞ்சியவை சிலப்பதிகாரம் முதலிய நூல்களில் வரும் குறிப்புகளும் பண்டை உரைகளுமே. புலவர்கள் அவற்றைச் சொல்லாகப் படித்தனர். விபுலாநந்தரோ, விஞ்ஞான ஆசிரியராதலின், அவற்றைக் கணக்காகவும் படித்தார். பத்தாண்டுகளுக்கு மேல் அவர் செய்த ஆராய்ச்சியின் பயனே 'யாழ் நூல்'.

அக்கணக்கின் அடிப்படை எளியது. நரம்பின் நீளம் பாதியானால் அதே சுரம் மேல் தானத்தில் ஒலிக்கும். மூன்றில் இரண்டானால் இளி. நான்கில் மூன்றானால் உழை. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன ஏழிசைக்குப் பழந்தமிழர் இட்ட பெயர்கள். இவையே இன்று ச, ரி, க, ம, ப, த, நி என வழங்குவன. இவற்றுக்கு முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகுகள் வகுத்து, மொத்தம் 22 எனக் கண்டனர் முன்னோர். பாட்டிலே பொதிந்து கிடந்த இவ்வெண்களைச் சுவாமிகள் நரம்பின் நீள அளவுகளோடு பொருத்தி, பண்டைப் பண்களின் அமைப்பைத் துலக்கினார்.

1947 ஜூன் மாதம் 5ஆம், 6ஆம் நாள்களில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர் ஆலயத்தில் யாழ் நூல் அரங்கேறியது. வெள்ளத்திலே ஓடம் கரை சேரத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் அது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் நூலை வெளியிட்டது. உடல் நலிவுற்றிருந்த சுவாமிகள் அதே ஆண்டு ஜூலை 19ஆம் நாள் மறைந்தார். அரங்கேற்றத்துக்கும் மறைவுக்கும் இடையே ஆறு வாரந்தான். இன்னும் சிறிது பொறுத்துச் செய்வோம் என்று அவர் ஒத்திவைத்திருப்பின், தமிழிசைக்கு நேர்ந்திருக்கக்கூடிய நட்டத்தை எண்ணும்போது நெஞ்சு நடுங்குகின்றது.

வாவி கற்பித்த செவி

இவ்வாராய்ச்சிக்கும் நம் வாவிக்கும் தொடர்பு உண்டு. பூரணை இரவிலே கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையில் காதை வைத்தால் இன்னொலி கேட்கும் என்பது இந்நாட்டார் வழிவழி அறிந்தது. 'மீன்பாடும் தேனாடு' என்ற பெயரும் அதனாலேயே. இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் தெனந்து, 1848 செப்டெம்பரில் தாமே தோணியேறிச் சென்று அவ்வொலியைக் கேட்டார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் நாதத்துக்கு அதனை ஒப்பிட்டு, 1859இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். அரச கருமங்களின் சுமைக்கிடையே இயற்கை ஆராய்ச்சியைத் தம் விருப்பமாகக் கொண்டிருந்தவர் அவர். பாடுவது மீனா, ஊரியா என்ற விவாதமும் அன்று முதல் தொடர்கின்றது.

விபுலாநந்தரும் அவ்வொலியில் உள்ளம் பறிகொடுத்தவரே. நிலவெறிக்கும் வாவியிலே நீரரமகளிர் எழுவர் தோன்றி ஏழிசையும் பாடுவதாகக் கற்பனை செய்து அவர் பாடல் இயற்றினார். தெனந்து ஒலியின் காரணத்தைத் தேடினார். சுவாமிகள் அவ்வொலியில் ஏழு சுரத்தையும் கண்டார். இருவருக்கும் பொதுவாயிருந்தது ஒன்று: பொறுமையோடு செவிசாய்க்கும் பழக்கம். இன்று மின்விளக்கும் வாகன இரைச்சலும் மிகுந்த பாலத்தடியில் அப்பழக்கத்துக்கு இடம் சுருங்கி வருகின்றது. செவிசாய்ப்பார் இல்லாவிடின், யாழுக்கு நேர்ந்த கதியே வாவியின் பாட்டுக்கும் நேரும்.

பெற்றோர்க்கும் மாணவர்க்கும்

பெரியாரைப் போற்றுதல் என்றால் படத்தைச் சுவரில் மாட்டி, ஆண்டுக்கொருமுறை மாலையிடுதல் அன்று. அவர் எவ்வாறு உழைத்தார் என்பதைக் கற்று, நம் அளவுக்கேற்பச் செய்து பார்த்தலே உண்மையான போற்றுதல். அதற்குத் துறவும் வேண்டியதில்லை. பெரும் பொருளும் வேண்டியதில்லை.

கிற்றார் பயிலும் மாணவனுக்கு ஒரு சிறு வேலை சொல்வோம். அளவுகோல் ஒன்றை எடுத்து, கழுத்தின் மேல்முனையிலிருந்து குதிரைவரை உள்ள நரம்பின் நீளத்தை அளந்து பார்க்கட்டும். அது 65 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். பன்னிரண்டாம் மெட்டிலிருந்து குதிரைவரை அளந்தால் அதில் சரிபாதி, 32½. ஏழாம் மெட்டிலிருந்து அளந்தால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு, அதுவே இளி. ஐந்தாம் மெட்டிலிருந்து ஏறக்குறைய நான்கில் மூன்று; அதுவே உழை. மேனாட்டுக் கருவி ஒன்றிலே சிலப்பதிகாரத்தின் இசைக்கணக்கு அவன் விரலடியில் கிடக்கக் காண்பான். அதன்பின் அவனுக்குப் பின்னக் கணக்கு கசக்குமா? பழந்தமிழ் தான் கசக்குமா?

இது வெறுங்கனவன்று. சென்னையில் கட்டடக்கலை பயின்ற தருண் சேகர் என்னும் இளைஞர், கிற்றார் முதலிய கருவிகளைச் செய்யும் கைத்திறனைக் கொண்டே யாழையும் செய்து, 2020ஆம் ஆண்டளவில் அதன் ஒலியை இக்காலச் செவிகளுக்குக் கேட்பித்தார். ஒரு தலைமுறை கணக்கிட்டது. இன்னொரு தலைமுறை கைப்பட இழைத்தது.

சோதனையை அலட்சியம் செய்க என்று நாம் கூறவில்லை. இராமன் அலுவலகக் கடமையில் தவறவில்லை. விபுலாநந்தர் தேர்வுகளைத் தவிர்த்தவர் அல்லர். நாள்தோறும் அரைமணி நேரம், குறித்த வேளையில், ஒரே கலையில் ஈடுபடல் போதும். ஆனால் அந்த அரைமணியைப் பிள்ளையிடமிருந்து பறித்துத் தனியார் வகுப்புக்கு ஈதல் தகாது. சோதனைப் புள்ளி ஓராண்டுக்கு உதவும். செவியும் கையும் பெற்ற பயிற்சி ஆயுள் முழுதும் உதவும்.

பெற்றோரே, அடுத்த பூரணையன்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாவிக்கரைக்குச் செல்லுங்கள். தோணிக்காரர் ஒருவரின் உதவியோடு துடுப்பில் காதை வைத்துக் கேட்கச் செய்யுங்கள். ஒலி கேட்டாலும் நன்று; கேளாவிடினும் நன்று. உற்றுக் கேட்கும் வித்தையை அவர்கள் அன்று தொடங்கியிருப்பார்கள்.