செவிகொடுத்துக் கேட்கிறோமா?



முத்துக்குளிக்க ஒருவர் கடலுக்குள் இறங்கும்போது, மேலே வள்ளத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கயிறு அசைந்த உடனே அவர் இழுக்க வேண்டும். கீழே இருப்பவரின் உயிர், மேலே நிற்பவரின் கவனத்தில் இருந்தது. அரசு நடத்திய முத்துக்குளிப்பு நம் தூத்துக்குடிக் கடலில் 1961-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. ஆனால் கவனித்துக் கேட்க வேண்டிய தேவை நமக்கு இன்னும் இருக்கிறது.

இன்று நம் கைப்பேசியில் நாள் முழுவதும் ஏதோ ஒரு குரல் ஒலிக்கிறது. யார் பேசினார் என்றே தெரியாத குரல் பதிவுகளை அப்படியே பிறருக்கு அனுப்பிவிடுகிறோம். இவற்றுக்கு நடுவே கேட்கத் தகுந்தது எது?

ஒரு காலத்தில் இக்கேள்விக்கு வானொலிப் பெட்டியே விடையாக இருந்தது. 1963-இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையம் செய்தி, வேளாண்மை, வானிலை எனப் பலவற்றையும் நம் வட்டார வழக்கிலேயே வீட்டுக்குள் கொண்டுவந்தது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு கடலைத் தாண்டி நம் கரையோர ஊர்களில் தெளிவாகக் கேட்டது. பதிலுக்கு, தூத்துக்குடியில் அமைந்த அகில இந்திய வானொலியின் 200 கிலோவாட் ஒலிபரப்பி நம் நாட்டுக் குரலை இலங்கைக்குக் கொண்டுசென்றது.

காலம் மாறியது. 1941 முதல் ஒலித்த பி.பி.சி. தமிழோசை வானொலி 2017-இல் நின்றது. மணிலாவிலிருந்து நம் இல்லங்களுக்கு வந்த வேரித்தாஸ் வானொலி 2018-இல் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்திவிட்டு இணையத்துக்கு மாறியது. பெட்டியைத் தூக்கி வைத்துவிட்ட நாம், வானொலியே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டோம். அது இன்று கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

நமக்கு அருகிலேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. பாம்பனில் 2016-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று 'கடல் ஓசை' 90.4 பண்பலை தொடங்கியது. இது மீனவர்களுக்கென்றே அமைந்த சமுதாய வானொலி. காற்றின் வேகம், அலையின் உயரம், ஆமை, பவளப்பாறை, மாறிவரும் பருவநிலை எனக் கடலைப் பற்றி மீனவர் மொழியிலேயே பேசுகிறது. 'சமுத்திரம் பழகு' என்று ஒரு நிகழ்ச்சிக்கே பெயர். சமுதாய வானொலியின் அலை சுற்றியுள்ள சில ஊர்களைத்தான் எட்டும். ஆனால், கடற்கரை மக்கள் தங்களுக்கான குரலைத் தாங்களே உருவாக்க முடியும் என்பதை அது காட்டிவிட்டது.

இது பொழுதுபோக்குக்கான செய்தி மட்டும் அல்ல. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலைத் தாக்கியபோது, பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. எத்தனை இல்லங்கள் அன்று இருண்டன! கரையை விட்டுச் சற்றுத் தொலைவு சென்றாலே கைப்பேசி அலைவரிசை அறுந்துவிடும். அங்கே ஒரு சிறிய மத்திய அலை வானொலிப் பெட்டி இன்னும் பயன்படும். கரையில் இருப்பவர் கேட்ட எச்சரிக்கை, நம் ஆலய ஒலிபெருக்கி வழியாகக் கடற்கரை வரை சென்று, படகைத் தள்ளவிருந்தவரை நிறுத்திய நாட்களும் உண்டு.

அப்படியானால், எங்கே தொடங்கலாம்? ஆகாசவாணியின் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியை இறக்கிக்கொண்டால், நாட்டின் பல வானொலி நிலையங்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம். 1931-இல் தொடங்கப்பட்ட வத்திக்கான் வானொலியின் தமிழ்ப் பிரிவும், வேரித்தாஸ் தமிழ்ப் பணியும் இணையத்தில் கிடைக்கின்றன. பாட்காஸ்ட் என்பது வேறொன்றும் இல்லை. நமக்கு வசதியான நேரத்தில் கேட்கும்படி சேமித்து வைத்த வானொலி நிகழ்ச்சிதான். இரவில் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால், மறுநாள் உப்பளத்திலும் வலை பின்னும் இடத்திலும் இணையம் இல்லாமலே கேட்கலாம். படிக்கச் சிரமப்படும் முதியோருக்கும் இது பெரிய துணை.

எதைத் தேர்ந்தெடுப்பது? மூன்று கேள்விகள் போதும். பேசுபவர் யார் என்று வெளிப்படையாகத் தெரிகிறதா? சொன்னது தவறானால் திருத்தம் சொல்லும் பொறுப்பு அவருக்கு உண்டா? கேட்டதை இரவு உணவு வேளையில் நம் பிள்ளைகளிடம் தயங்காமல் சொல்ல முடியுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் கேட்கலாம். வானிலை எச்சரிக்கை என்றால் அரசு அறிவிப்பை மட்டுமே நம்ப வேண்டும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2022-ஆம் ஆண்டின் உலக சமூகத்தொடர்பு நாளுக்கு, இதயத்தின் செவியால் கேட்பதையே கருப்பொருளாகத் தந்தார். இந்த வாரம் நம் வீட்டில் ஒரு நல்ல நிகழ்ச்சியையாவது, அவரவர் காதில் தனித்தனியாக மாட்டிக்கொள்ளாமல், எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்போமா? கயிறு பிடித்து நின்ற நம் முன்னோரின் கவனம் நம் செவிகளுக்கும் வரட்டும்.