இரண்டே கால் கோடியும் ஒரு முழங்காலும்

உப்பிலியபுரம்னு சொன்னா ஹாஸ்டல்ல பாதிப் பேருக்குத் தெரியாது. "துறையூர் பக்கம்"னு சொல்லணும். அதுக்கும் முழிச்சா "புளியஞ்சோலை போயிருக்கியா, அதுக்குப் போற வழி"ன்னு சொல்லணும். அதுக்குத் தலையாட்டிடுவாங்க. கொல்லிமலையும் பச்சைமலையும் கண்ணுக்குத் தெரியுற ஊர். பொங்கல் சமயத்துல எங்க சுத்துப்பட்டுல ஏதாவது ஒரு ஊர்ல ராத்திரி முழுக்க லைட் போட்டு கபடி நடக்கும். எங்க பெரியப்பா பையன் ஆடுற டீம் அந்த வட்டாரத்துல கொஞ்சம் பேர் வாங்கினது. அவர்தான் டீமோட ரெய்டர். "டீமோட ரெய்டர்"னு ஒருமையில எழுதினது தப்பில்ல. நிஜமாவே ஒருத்தர்தான்.

மூணு வருஷம் முன்னாடி ஒரு கால் இறுதியில அவருக்கு முழங்கால் திரும்பிடுச்சு. பிடிச்ச ஆள் மேல குத்தம் இல்ல, மண்ணு ஈரம். அன்னைக்கு அந்த ஆட்டத்துல அதுக்கப்புறம் எங்க டீம் எடுத்த புள்ளியை ஒரு கை விரல்ல எண்ணிடலாம். ராத்திரி டெம்போவுல திரும்பி வரும்போது அண்ணன் வலியோட சொன்னது: "என் கால் போனதுகூடப் பரவால்லடா தம்பி, ரெண்டாவதா பாடிப் போக ஒரு ஆளை வளர்க்காம விட்டோம் பாரு."

இந்தக் கட்டுரை தமிழ் தலைவாஸ் பற்றியது. ஆனா அந்த டீமோட கதையை எப்ப யோசிச்சாலும் எனக்கு அந்த டெம்போதான் ஞாபகத்துக்கு வருது. ஏன்னு போகப் போகத் தெரியும்.

முதல்ல கொஞ்சம் வரலாறு. ப்ரோ கபடி லீக் 2014-ல் தொடங்கியது. 2017-ல், ஐந்தாவது சீசனில், நான்கு புதிய அணிகள் சேர்ந்தன. உ.பி. யோத்தா, ஹரியானா ஸ்டீலர்ஸ், குஜராத், பிறகு நம்ம தலைவாஸ். உரிமையாளர்களில் ஒருவர் சச்சின் டெண்டுல்கர், கேப்டன் அஜய் தாக்கூர், ஊர் சென்னை. போஸ்டர் எல்லாம் பிரமாதம். களத்தில்? ஐந்தாவது சீசனில் தங்கள் பிரிவில் கடைசி இடம். ஆறாவது சீசனிலும் பிரிவில் கடைசி. ஏழாவதில் ராகுல் சௌத்ரி, மோஹித் சில்லர், ரண் சிங் என்று பெரிய பெரிய பேர்களாகச் சேர்த்தார்கள். அந்த சீசனில் பிரிவு கிடையாது, 12 அணிகளும் ஒரே பட்டியல். அதிலும் 12-வது. 22 ஆட்டத்தில் வென்றது 4.

எட்டாவது சீசனில் மொத்தமாக மாற்றி, இளம் ஆட்களை எடுத்தார்கள். சுர்ஜீத் சிங் கேப்டன். ரைட் கார்னரில் சாகர் ராத்தீ என்று ஒரு பையன் பிடிக்க ஆரம்பித்தான், பார்க்கவே பயமாக இருக்கும். ஆனாலும் 11-வது இடம். 22 ஆட்டத்தில் 5 வெற்றி, 11 தோல்வி, 6 டை. ஆறு டை! கடைசி ரெய்டில் ஒரே ஒரு புள்ளி எடுக்க ஆள் இல்லை என்றுதான் இதைப் படிக்க முடியும். பிடிக்கிற ஆள் இருக்கிறார்கள், பாடிப் போகிற ஆள் இல்லை. நிர்வாகமும் அப்படித்தான் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அடுத்து அவர்கள் செய்த காரியம் அதைத்தான் காட்டுகிறது.

2022 ஆகஸ்ட், ஒன்பதாவது சீசனுக்கான ஏலம். பெங்களூரு புல்ஸ் விடுவித்த பவன் செஹ்ராவத் ஏலத்துக்கு வருகிறார். ஆறு, ஏழு, எட்டு என்று தொடர்ந்து மூன்று சீசனிலும் லீக்கிலேயே அதிக ரெய்டு புள்ளி எடுத்தவர். தலைவாஸ் அவரை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அதுவரை லீக்கில் யாருக்கும் கொடுக்காத தொகை.

இங்கே ஒரு கணக்கு. அந்த ஏலத்தில் ஒரு அணி மொத்தமாகச் செலவு செய்யக்கூடிய தொகை 4.4 கோடி. அதில் 2.26 கோடி ஒருவருக்கே போனால் கிட்டத்தட்ட 51 சதவீதம். மீதி 49 சதவீதத்தில்தான் மற்ற எல்லாரும். நம்ம மெஷின் டிசைன் வகுப்பில் சொல்வார்களே, ஒரு பாகம் உடைந்தால் முழு இயந்திரமும் நிற்கும்படி வடிவமைக்காதே என்று, அதற்கு நேர் எதிரான வடிவமைப்பு.

கபடி தெரியாதவர்களுக்கு இது ஏன் இவ்வளவு ஆபத்து என்று சொல்லிவிடுகிறேன். களத்தில் ஒரு அணிக்கு ஏழு பேர். ஆட்டம் 40 நிமிடம். ஒரு ரெய்டுக்கு 30 வினாடி. ரெய்டர் அவுட் ஆனால் வெளியே உட்கார வேண்டும். தன் அணி ஒரு எதிராளியை அவுட் ஆக்கினால்தான் ஒருவர் உள்ளே வரலாம். போனஸ் புள்ளிக்கு யாரும் உள்ளே வர முடியாது. அதாவது முக்கிய ரெய்டர் அவுட் ஆனால், அவரைத் திரும்ப உள்ளே கொண்டுவர இன்னொருவர் புள்ளி எடுத்தாக வேண்டும். அந்த இன்னொருவர் இல்லாவிட்டால் எதிரணிக்குக் கொண்டாட்டம். ஒவ்வொருவராகக் கழற்றி ஆல் அவுட் ஆக்கிக் கூடுதலாக 2 புள்ளி வாங்கிக்கொண்டு போவார்கள். இரண்டு ரெய்டு காலியாகப் போனால் மூன்றாவது ரெய்டு 'டூ ஆர் டை'. புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவுட். அதற்கும் ஆள் வேண்டும். ஆக, நல்ல ரெய்டர் ஒருவர் இருந்தால் போதாது. அவரை உயிர்ப்பிக்க இரண்டாவது ரெய்டரும், பிடித்தும் புள்ளி எடுக்கிற கேட்சர்களும் வேண்டும். எங்க அண்ணன் டெம்போவில் சொன்னது அதுதான்.

அக்டோபர் 8, 2022. பெங்களூரு கண்டீரவா அரங்கம். தலைவாஸுக்கு அந்த சீசனின் முதல் ஆட்டம், எதிரே குஜராத் ஜயண்ட்ஸ். குஜராத் கேப்டன் யார் தெரியுமா? நம்ம தமிழ்நாட்டுக்காரர் சந்திரன் ரஞ்சித். முதல் பாதியிலேயே, பிடிக்கப் போன இடத்தில் பவனின் முழங்கால் திரும்பியது. தூக்கிக்கொண்டுதான் போனார்கள். சீசன் முடியும்வரை அவர் திரும்பவில்லை. 2.26 கோடிக்கு அணிக்குக் கிடைத்தது ஒரு ஆட்டத்தின் சில நிமிடங்கள். ஆட்டம் 31-31 டை.

நான் அன்னைக்கு ஹாஸ்டல் காமன் ரூம்ல பார்த்துக்கிட்டிருந்தேன். "முடிஞ்சுது, இந்த வருஷமும் கடைசிதான்"னு சேனலை மாத்தச் சொன்னவங்கள்ல நானும் ஒருத்தன். இப்ப ஒத்துக்கிறேன்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் இந்த அணியின் எட்டு சீசன் வரலாற்றிலேயே நல்ல பகுதி. தொடக்கத்தில் தடுமாற்றம். பயிற்சியாளர் ஜே. உதயகுமார் சீசன் நடுவிலேயே விலக, ஆஷன் குமார் வந்தார். கேப்டன் பொறுப்பு சாகரிடம் வந்தது. பவனுக்காகக் கட்டிய அணியில் பவன் இல்லை. ஆகவே ரெய்டுக்குப் போக வேண்டியவர்கள் மற்றவர்கள்தான். அஜிங்க்யா பவார் இருந்தார். அவரோடு ஹரியானாவிலிருந்து வந்த நரேந்தர்.

நரேந்தர் ஏலத்தில் வந்தவர் இல்லை. 'நியூ யங் பிளேயர்' என்று ஒரு வழி இருக்கிறது. லீக்கில் ஆடாத இளைஞர்களை ஏலத்துக்கு வெளியே, குறைந்த சம்பளத்தில் அணிகள் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். அப்படி வந்த பையன். அவருக்கு அது முதல் சீசன். 23 ஆட்டத்தில் 243 ரெய்டு புள்ளி எடுத்தார். பவன் நலமாக இருந்திருந்தால் இந்தப் பையன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாரோ என்று அடிக்கடி தோன்றும்.

பின்னால் சாகர், சாஹில் குலியா, மோஹித், எம். அபிஷேக். இவர்கள் பிடித்தார்கள், நரேந்தர் பாடினார். லீக் சுற்று முடிவில் 10 வெற்றி, 8 தோல்வி, 4 டை, 66 புள்ளி, ஐந்தாம் இடம். வெற்றிக்கு 5, டைக்கு 3, ஏழு புள்ளிக்குள் தோற்றால் ஆறுதலுக்கு 1 என்பது அப்போதைய கணக்கு. 50-ம் 12-ம் 62, மீதி 4. அப்படியென்றால் எட்டுத் தோல்வியில் நான்கு, கைக்கு எட்டிப் போனவை. முதல்முறையாக பிளே ஆஃப்.

மும்பையில் டிசம்பர் 13 அன்று எலிமினேட்டர், உ.பி. யோத்தாஸுடன். 36-36. பிளே ஆஃபில் டை செல்லாது, ஆளுக்கு ஐந்து ரெய்டு டை பிரேக்கர். அதில் 6-4. இரண்டு நாள் கழித்து அரையிறுதி, புனேரி பல்தானுடன். முதல் பாதியில் முன்னிலையில் இருந்தது நம்ம அணிதான். பங்கஜ் மோஹிதே போட்ட ரெய்டுகளில் அது கரைந்து, 39-37 என்று இரண்டு புள்ளியில் போனது. புனேயும் கோப்பை வாங்கவில்லை. இறுதியில் ஜெய்ப்பூர் 33-29.

சரி, பாடம் படித்துவிட்டார்களா? பாதி படித்தார்கள் என்பேன். பத்தாவது சீசனுக்கு பவனை விடுவித்துவிட்டு (தெலுங்கு டைட்டன்ஸ் அவரை 2.605 கோடிக்கு எடுத்தது), பழைய இளம் அணியை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஏலத்தில் பெரிதாகக் கை வைக்கவில்லை. தமிழ்நாட்டு ரெய்டர் மாசானமுத்துவை 31.6 லட்சத்துக்கு எடுத்தது எனக்குப் பிடித்த விஷயம். ஆனால் முடிவு ஒன்பதாம் இடம், 9 வெற்றி, 13 தோல்வி. ரொம்ப நாள் கழித்துச் சென்னையில் ஆடிய நான்கு ஆட்டத்திலும் தோல்வி, அதில் ஜெய்ப்பூரிடம் தோற்றது ஒரே புள்ளியில். மாறாமல் இருப்பதே ஒரு திட்டம் ஆகாது. முந்தைய வருஷம் நரேந்தர் யார் என்று தெரியாமல் மாட்டிக்கொண்ட அணிகள் இந்த முறை வீடியோ பார்த்துவிட்டு வந்தன என்பது என் கணிப்பு.

பதினோராவது சீசனில் மறுபடி பெரிய பணம். சச்சின் தன்வர் 2.15 கோடி, அந்த ஏலத்திலேயே அதிகம். பயிற்சிக்கு உதயகுமார் திரும்ப வந்தார், கூடவே தர்மராஜ் சேரலாதன். சேரலாதனைத் தெரியாதவர்கள் தேடிப் பாருங்கள். நம்ம பக்கத்துத் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர், நாற்பது வயசைத் தாண்டியும் லீக்கில் கார்னர் ஆடினவர். பட்னா கோப்பை வாங்கியபோது கேப்டன். வடக்கத்தி வீரர்களும் அவரை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் இருந்தும் மறுபடி ஒன்பதாம் இடம்.

2025, பன்னிரண்டாவது சீசன். அர்ஜுன் தேஸ்வாலை 1.405 கோடிக்கு எடுத்தார்கள். கூடவே யாரைத் தெரியுமா? பவனை. இந்த முறை 59.5 லட்சம். கேப்டனும் அவர்தான். இரண்டு தரமான ரெய்டர்கள், புதுப் பயிற்சியாளர் சஞ்சீவ் பல்யான். பேப்பரில் பார்த்தால் நான் மேலே புலம்பிய எல்லாவற்றுக்கும் பதில் மாதிரி இருந்தது. முதல் ஆட்டத்தில் தெலுங்கு டைட்டன்ஸை 38-35 என்று வென்றார்கள். சில ஆட்டங்களிலேயே பவன் அணியில் இல்லை. ஒழுங்கு நடவடிக்கை என்று அணி அறிவித்தது, பவன் அதை மறுத்தார். கேப்டன் பொறுப்பு அர்ஜுனிடம் போனது. ஒரே வீரரை ஒரே அணி இரண்டு முறை எடுத்து, இரண்டு முறையும் சீசன் தொடக்கத்திலேயே இழந்தது. இதைக் கதையாக எழுதினால் நம்ம எடிட்டரே நம்ப மாட்டார்.

ஒரு விஷயம் ஒப்பிடத் தோன்றுகிறது. ஆஸ்திரேலியாவில் அவர்கள் ஊர் ஃபுட்பால் லீக் ஒன்று இருக்கிறது. முட்டை வடிவப் பந்து, ஒரு பக்கத்துக்கு 18 பேர். அங்கே ஏலம் இல்லை. ஒவ்வொரு வருஷமும் புது இளைஞர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கின்றன. கடைசியில் முடித்த அணிக்குத்தான் முதல் தேர்வு. தோற்றவனுக்கு நல்ல பையன் கிடைப்பான், அவனை வைத்து மூன்று, நான்கு வருஷத்தில் எழுந்துகொள்ளலாம். கபடியில் கடைசியில் வந்தவனுக்கும் முதலில் வந்தவனுக்கும் ஏலத்தில் அதே பணம்தான். சமத்துவம்தான், சரி. ஆனா இளம் ஆளைக் கண்டுபிடிப்பது அணியின் கண்ணையும் பொறுமையையும் நம்பியே இருக்கிறது.

இங்கேதான் எங்க ஊர்ப் பசங்க எப்போதும் கேட்கிற கேள்வி வருகிறது: பேர் தமிழ் தலைவாஸ், டீம்ல தமிழ்ப் பசங்க எத்தனை பேர்? அவ்வளவு சுலபமான கேள்வி இல்லை. ஹரியானாவில் பள்ளி வயசிலேயே மேட்டில் ஆடுகிறார்கள். எங்க பக்கம் மண். மேட்டில் ஷூ போட்டு ஆடுகிறபோது கால் பிடிப்பே வேற, திரும்புகிற வேகமே வேற. மண்ணில் சிங்கமாக இருக்கிறவன் மேட் ட்ரையலில் வழுக்கி நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். திறமை இல்லாமல் இல்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்திய அணிகளில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் இருந்தார்கள். ஆனா மாவட்டம், மாநிலம், ஜூனியர் நேஷனல்ஸ் என்று ஏறி, யாராவது ஒரு அணியின் கண்ணில் பட்டு, நரேந்தர் வந்த அந்த வழியில் நுழைய வேண்டும். அதற்கு நடுவில் ஒரு முழங்கால் போனால்? பவனுக்கு அணி மருத்துவர் இருந்தார். எங்க அண்ணனுக்கு ஸ்கேன் எடுக்க திருச்சி வர, பெரியப்பா கடன் வாங்கினார். லிகமென்ட் கிழிந்திருந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டார்கள்.

அண்ணன் இப்ப ஆடுறதில்ல. துறையூர்ல ஒரு கடையில வேலை. சாயங்காலம் வந்ததும் கிரவுண்டுக்குப் போறார். போன லீவுக்குப் போனப்ப பார்த்தேன், பழைய தார்ப்பாயை நாலா மடிச்சு விரிச்சு, பிளஸ் ஒன் படிக்கிற ரெண்டு பசங்களை ஷூ போட்டு அது மேல திரும்பித் திரும்பி ஓட விட்டுக்கிட்டிருந்தார். "மேட் மாதிரி வருமா?"ன்னு கேட்டேன். "வராது. வழுக்கும். அதுக்குத்தான்"னார். ரெண்டு பேருமே ரெய்டர்.