எப்போது, எவ்வளவு, யாருக்கு? பழைய மருந்துகளின் புதிய பயனை வெளிக்கொணர்ந்த மூன்று மருத்துவ ஆய்வுகள்

புதுதில்லி: மார்பகப் புற்றுநோய்க் கட்டியைச் சுற்றி அறுவை சிகிச்சைக்குச் சற்று முன் போடப்படும் மரத்துப்போகும் ஊசி, விபத்தில் ரத்தம் இழப்பவருக்கு மூன்று மணி நேரத்துக்குள் செலுத்தப்படும் மருந்து, சிறுநீரக நோயாளிக்கு அளவைக் குறைத்துத் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரை ஆகிய மூன்றுமே பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளவை. எனினும் அவற்றை எப்போது, எவ்வளவு, யாருக்குத் தர வேண்டும் என்ற கேள்விக்கு அண்மைக் கால ஆய்வுகளே விடை தந்துள்ளன. இந்திய நோயாளிகளும் பங்கேற்ற அந்த ஆய்வுகள், மருத்துவமனையில் ஒப்புதல் படிவம் நீட்டப்படும்போது ஒருவர் அறிந்திருக்க வேண்டியவற்றையும் உணர்த்துகின்றன.

சமவாய்ப்பு ஆய்வு என்றால் என்ன?

ஒரு மருந்தை உட்கொண்ட நோயாளி குணமடைந்தால், அதற்கு மருந்துதான் காரணம் என்று உடனே கூறிவிட முடியாது. நோய் தானாகவே தணிந்திருக்கலாம். அவரது உடல்நிலை தொடக்கத்திலேயே மற்றவர்களைவிடச் சிறப்பாக இருந்திருக்கலாம். இந்த ஐயத்தைப் போக்கவே நோயாளிகள் குலுக்கல் போன்ற முறையில் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்படுகின்றனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையுடன் மருந்தும் சேர்த்துத் தரப்படும். மற்றொரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டுமோ, அதனுடன் மருந்தைப் போலவே தோற்றமளிக்கும், மருந்தில்லாத 'மருந்துப்போலி'யோ தரப்படும். யார் எந்தப் பிரிவில் இடம்பெறுவர் என்பதை மருத்துவரோ நோயாளியோ தீர்மானிப்பதில்லை.

புற்றுநோய்: கத்தி வைப்பதற்கு முன் ஓர் ஊசி

மும்பை டாடா நினைவு மையத்தின் மருத்துவர் ராஜேந்திர பட்வே தலைமையிலான ஆய்வு, 2011 முதல் 2022 வரை நாட்டின் 11 மருத்துவமனைகளில் 1,600 பெண்களைச் சேர்த்து நடத்தப்பட்டது. அனைவரும் மார்பகப் புற்றுநோயின் தொடக்க நிலையில் இருந்தவர்கள். அறுவை சிகிச்சைக்கு முன் கீமோதெரபி பெறாதவர்கள். ஒரு பிரிவினருக்கு அறுவை சிகிச்சை தொடங்குவதற்கு 7 முதல் 10 நிமிடங்களுக்கு முன், கட்டியைச் சுற்றி லிடோகெய்ன் மருந்து செலுத்தப்பட்டது. பல் பிடுங்கும்போது வலி தெரியாமல் இருக்கப் போடப்படும் அதே வகை ஊசி இது.

ஐந்தாண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தோர் விகிதம், ஊசி போடப்படாத பிரிவில் 86.4 சதவீதமாகவும், போடப்பட்ட பிரிவில் 90.1 சதவீதமாகவும் இருந்தது. அதாவது, ஆயிரம் பெண்களில் கூடுதலாக 37 பேர் உயிர் பிழைத்துள்ளனர். அறுவை சிகிச்சையின்போது புற்றுநோய் உயிரணுக்கள் இடம்பெயர்ந்து பரவுவதை இம்மருந்து தடுக்கக்கூடும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இந்த முடிவுகள் 2023-இல் மருத்துவ ஆய்விதழில் வெளியாயின.

இதிலும் ஒரு வரம்பு உண்டு. ஒப்பீட்டுப் பிரிவினருக்கு மருந்துப்போலி ஊசி போடப்படவில்லை. எனவே, பிற நாடுகளிலும் இதே முடிவு கிடைக்கிறதா என்று பார்ப்பது அவசியமாகிறது.

அவசர சிகிச்சை: மூன்று மணி நேர எல்லை

டிரானெக்சாமிக் அமிலம் 1960-களில் ஜப்பானிய ஆய்வாளர்களால் உருவாக்கப்பட்டது. உறைந்த ரத்தம் மீண்டும் கரைவதை இது தடுக்கிறது. மாதவிடாயின்போது ஏற்படும் மிகுதியான உதிரப்போக்குக்கு நீண்ட காலமாகவே இது பயன்படுத்தப்பட்டு வருகிறது. காயத்தால் ரத்தம் இழப்போருக்கும் இது உதவுமா என்பதை அறிய, லண்டன் சுகாதாரம் மற்றும் வெப்பமண்டல மருத்துவக் கல்வி நிறுவனம் 'கிராஷ்-2' என்ற ஆய்வை ஒருங்கிணைத்தது. இந்தியா உள்ளிட்ட 40 நாடுகளின் 274 மருத்துவமனைகளில் 20,211 பேர் இதில் சேர்க்கப்பட்டனர்.

2010-இல் வெளியான முடிவின்படி, மருந்துப்போலி பெற்றோரில் 16 சதவீதத்தினரும், மருந்து பெற்றோரில் 14.5 சதவீதத்தினரும் உயிரிழந்தனர். வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், ஆயிரம் பேருக்கு 15 உயிர்கள் என்பது அதன் பொருள். இத்தகைய சிறு வேறுபாட்டை நூறு, இருநூறு பேரைக் கொண்டு கண்டறிய இயலாது என்பதாலேயே இவ்வளவு பெரிய ஆய்வு தேவைப்பட்டது.

மறு ஆண்டு வெளியான பகுப்பாய்வு மற்றோர் உண்மையை வெளிப்படுத்தியது. காயமடைந்து மூன்று மணி நேரத்துக்குள் மருந்து தந்தால் பலன் கிடைக்கிறது. அதற்குப் பிறகு தந்தால், ரத்தப்போக்கால் இறக்கும் அபாயம் அதிகரிப்பதாகவே தெரியவந்தது. ஒரே மருந்து, ஒரே அளவு. நேரம் மட்டுமே உயிரைக் காப்பதையும் கேடு விளைவிப்பதையும் தீர்மானித்தது. 2011-இல் உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இம்மருந்து இடம்பெற்றது.

சிறுநீரகம்: பாதியில் நிறுத்தப்பட்ட ஆய்வு

ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி என்பது, நோய் எதிர்ப்புப் புரதம் ஒன்று சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் படிந்து அவற்றைச் சேதப்படுத்தும் நோயாகும். இளம் வயதினரையும் தாக்கும் இந்நோய் முற்றினால் டயாலிசிஸ் அல்லது மாற்று சிறுநீரகம் தேவைப்படும். ஸ்டீராய்டு இதைத் தடுக்குமா என்பதை ஆராய 'டெஸ்டிங்' என்ற ஆய்வு சீனா, இந்தியா, ஆஸ்திரேலியா, கனடா, மலேசியா ஆகிய நாடுகளில் நடைபெற்றது.

முழு அளவு மருந்து பெற்றவர்களிடையே கடுமையான நோய்த்தொற்றுகள் அதிகரித்தன, உயிரிழப்புகளும் நேர்ந்தன. இதனால் 2015-இல் நோயாளிகளைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. பின்னர் மருந்தின் அளவு குறைக்கப்பட்டு, நுரையீரல் தொற்றைத் தடுக்கும் மருந்தும் சேர்க்கப்பட்டு ஆய்வு தொடர்ந்தது. மொத்தம் 503 பேர் பங்கேற்ற இந்த ஆய்வின் முடிவு 2022-இல் வெளியானது. சிறுநீரகச் செயல்பாடு பெருமளவு குறைதல், சிறுநீரகச் செயலிழப்பு, சிறுநீரக நோயால் மரணம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைச் சந்தித்தோர் மருந்துப்போலி பிரிவில் 43.1 சதவீதம், ஸ்டீராய்டு பிரிவில் 28.8 சதவீதம். குறைந்த அளவு மருந்து பெற்றவர்களிடம் கடுமையான பக்கவிளைவுகளும் குறைவாகவே காணப்பட்டன.

பங்கேற்பாளருக்கு என்ன பாதுகாப்பு?

ஆய்வில் அபாயம் உண்டு என்பதை சிறுநீரக ஆய்வே காட்டுகிறது. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் இதற்கான வரையறைகளை வகுத்துள்ளன. அதன்படி, நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம். நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கி, எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற வேண்டும். ஆய்வால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சையும், விதிகளின்படி இழப்பீடும் வழங்கப்பட வேண்டும். எந்தக் கட்டத்திலும் காரணம் கூறாமலேயே விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை மறுக்கப்படக் கூடாது.

அவசர சிகிச்சைப் பிரிவில் நிலைமை வேறு. நினைவிழந்தவரால் கையெழுத்திட முடியாது, காத்திருக்கவும் நேரமில்லை. அத்தகைய சூழலில் உறவினரின் ஒப்புதல் பெறப்படுகிறது. 'கிராஷ்-2' ஆய்வில், உறவினரும் இல்லாதபோது நெறிமுறைக் குழு அனுமதித்த இடங்களில் சிகிச்சைக்குப் பின் ஒப்புதல் கோரும் முறையும் பின்பற்றப்பட்டது.

கையெழுத்திடும் முன் நோயாளியோ குடும்பத்தினரோ சில கேள்விகளைக் கேட்பது நல்லது. ஆய்வில் சேராவிட்டால் என்ன சிகிச்சை கிடைக்கும்? இதுவரை தெரிந்த பக்கவிளைவுகள் யாவை? பாதிப்பு நேர்ந்தால் யாரை அணுக வேண்டும்? இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் ஆய்வு பதிவு செய்யப்பட்டுள்ளதா? 2009 ஜூன் முதல் மருந்துப் பரிசோதனைகளுக்குப் பதிவு கட்டாயம் ஆக்கப்பட்டுள்ளது. அதன் விவரங்களை எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.