ஒரு படைவீரர் ஊர் திரும்பினார்

இராணுவம் என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் பலருக்கு நெஞ்சம் துணுக்குறும். 1977, 1981, 1983 வன்செயல்களின்போது இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போனவர்களும், பின்னர் போரினால் அங்கிருந்தும் இடம்பெயர்ந்தவர்களும் இதை அறிவர். ஆயினும் இம்முறை ஒரு படைவீரரின் வாழ்வையே உங்கள் முன் வைக்கிறோம். சீருடையைக் கழற்றிய பின் அவர் செய்த வேலையில், எல்லாம் இழந்து மீண்டும் தொடங்கும் குடும்பங்களுக்குப் பாடம் உண்டு.

ஏழை வீட்டுப் பிள்ளை

கிசன் பாபுராவ் ஹசாரே 1937இல் இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்திலுள்ள பிங்கார் என்னும் ஊரில் பிறந்தார். 'அண்ணா ஹசாரே' என்றால்தான் பலருக்குத் தெரியும். தந்தை கூலித் தொழிலாளி. பிழைப்புக்கு வழியின்றி, குடும்பம் தன் பூர்வீகக் கிராமமான ராலேகான் சித்திக்குத் திரும்பியது. பிள்ளையோ ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, மும்பாயில் பூ விற்றார். 1960களின் தொடக்கத்தில் இராணுவத்தில் சேர்ந்து லொறிச் சாரதியானார்.

1965இல் நடந்த இந்திய பாகிஸ்தான் போரின்போது கேம்கரன் பகுதியில் தம்முடன் இருந்தவர்கள் மடியத் தாம் மட்டும் உயிர் பிழைத்ததாக அவர் கூறியுள்ளார். எஞ்சிய வாழ்வு பிறருக்கே என்று அவர் தீர்மானித்தார். ஆனால் உடனே வேலையை விட்டு ஓடி வரவில்லை. ஓய்வூதியத்துக்குரிய காலம் முடியும்வரை பொறுத்திருந்து, 1975இல்தான் ஊருக்கு வந்தார். தம் வயிற்றுப்பாட்டுக்கு ஊராரை எதிர்பார்க்கலாகாது என்பதே காரணம். இந்தப் பொறுமை நம் கவனத்துக்குரியது.

ஒழுகிய குளம்

ராலேகான் மழை குறைந்த ஊர். ஆண்டுக்கு 400 முதல் 500 மில்லிமீற்றர் வரையே பெய்யும். அதுவும் மேட்டிலிருந்து மண்ணை அரித்துக்கொண்டு ஓடிவிடும். அன்று சுமார் 70 ஏக்கருக்கே பாசனம் இருந்தது. பிழைப்புக்காகப் பலர் சாராயம் வடித்தனர்.

அண்ணா முதலில் தம் சேமிப்பைக் கொண்டு இடிந்து கிடந்த ஊர்க் கோயிலைத் திருத்தினார். சொந்தக் காசைச் செலவிடும் மனிதரை ஊர் நம்பியது. அடுத்து, நீர் தங்காமல் ஒழுகிய குளமொன்றை மக்கள் சிரமதானம் செய்து திருத்தினர். அதன் கீழிருந்த ஏழு கிணறுகளில் கோடையிலும் நீர் நின்றது. குளத்து நீர் மண்ணுக்குள் இறங்கிக் கிணறுகளில் ஊறும் என்பதை மக்கள் கண்ணால் கண்டனர். பிறகு ஓடைகளுக்குத் தடுப்பணை கட்டினர். மேட்டில் மரம் நட்டனர். நீரை அதிகம் குடிக்கும் கரும்பைக் கைவிட்டனர். 1980இல் கோயிலிலேயே தானிய வங்கி தொடங்கியது. விளைச்சல் மிகுந்தவர் தானியம் கொடுப்பார். இல்லாதவர் கடனாகப் பெற்று, அறுவடைக்குப் பின் சிறிது கூட்டித் திருப்பிக் கொடுப்பார். தலித் குடும்பங்களின் வீடுகளும் கூட்டு உழைப்பால் எழுந்தன.

இந்திய அரசு அவருக்கு 1990இல் பத்மஸ்ரீ விருதும் 1992இல் பத்மபூஷண் விருதும் வழங்கியது. 2011இல் ஊழலுக்கு எதிராக அவர் இருந்த உண்ணாவிரதம் உலகறிந்தது.

எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது?

குடித்தவர்களைக் கம்பத்தில் கட்டி, இராணுவ இடுப்புப்பட்டியால் அடித்த வழக்கமும் அங்கே இருந்தது. இதை நாம் ஏற்பதற்கில்லை. அடி வாங்கியவன் அஞ்சுவான். திருந்திவிட்டான் என்று சொல்ல முடியாது. மனிதனின் மாண்பை மிதித்து எழும் முன்னேற்றம் நற்செய்திக்கு உகந்ததன்று.

அங்கு செய்த நீர் வேலையையும் இங்கே அப்படியே செய்யலாகாது. எஹலியகொடப் பகுதியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. செங்குத்தான சரிவில் நீர் தேங்கும் குழி வெட்டினால் மண் ஊறிப் பாரமேறிச் சரியும். 2016 மே மாதம் அரநாயக்கவில் மண்சரிவு ஊர்களையே மூடியதை நாம் மறக்கவில்லை. இங்கு கான்களைத் துப்புரவாக்கி நீரைப் பத்திரமாக வடியவிட வேண்டும். வீட்டுக்குப் பின்னால் மலையை வெட்டலாகாது. வன்னியில் காணி கிடைத்துப் போகிறவர்களுக்கோ குளமும் கிணறும் பற்றிய ராலேகான் பாடம் பொருந்தும்.

"அவர்களுக்குச் சொந்த நிலம் இருந்தது, நமக்கோ காணி உறுதிகூட இல்லையே" என்று நீங்கள் கேட்பது நியாயம். காணி உரிமைக்காக நாம் தொடர்ந்து குரல் கொடுக்கவே வேண்டும். ஆனால் தானிய வங்கிக்கு உறுதிப் பத்திரம் வேண்டியதில்லை. லயத்துக் கானைச் சேர்ந்து துப்புரவாக்கவோ, வாரம் ஒரு பிடி அரிசி சேர்க்கவோ எவருடைய கையொப்பமும் வேண்டியதில்லை. அந்தச் சாரதியும் தம் கையில் இருந்ததைக் கொண்டே தொடங்கினார்.

கூடிப் பேசுவதற்கு:

1. நம் குடியிருப்பில் யாருடைய அனுமதியும் இன்றி நாளையே தொடங்கக்கூடிய வேலை எது?

2. ஐந்து குடும்பங்கள் சேர்ந்து அரிசி சேமித்தால் அதை எங்கே வைப்பது, கணக்கை யார் எழுதுவது?

3. குடியால் சீரழியும் சகோதரரை அடிக்காமலும் இழிவுபடுத்தாமலும் மீட்பது எப்படி?