பலகையைப் பார்த்து நிற்கும் வண்டிகள்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வரும் பெரிய சாலையைப் பாருங்கள். நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை தாண்டிக் களியக்காவிளையில் அது தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. முன்பு இது தேசிய நெடுஞ்சாலை 47. இப்போது 66.

1956 நவம்பர் 1ஆம் தேதி இங்கே மாநில எல்லை வந்தது. விளவங்கோடு அந்தப் பக்கம் போனது. நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றது. பலகைகளின் எழுத்தும் பிரிந்தது. இங்கே மலையாளம், அங்கே தமிழ்.

ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் லாட்டரிக் கடைகளில் தமிழ்ப் பலகையும் உண்டு. ஏன்? தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியைத் தடை செய்தார்கள். கேரளத்திலோ 1967 முதல் அரசே லாட்டரி நடத்துகிறது. அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர் இங்கே வண்டியை நிறுத்தி வாங்க வேண்டும். கடை யாருக்காகப் போட்டது என்பதை எழுத்தே சொல்லிவிடும்.

அமரவிளையில் முன்பு லாரிகளை நிறுத்தப் பலகையே வேண்டாம். வணிகவரிச் சோதனைச் சாவடி இருந்தது. வரிசையில் நின்றுதான் ஆக வேண்டும். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தது. அந்தச் சோதனை போய்விட்டது. இனி ஓட்டுநர் நிற்பதும் போவதும் அவர் கண்ணில் படுவதைப் பொறுத்தது.

கண்ணில் படுவது என்றால் எவ்வளவு நேரம்? வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். பலகையைப் படிக்க 2 நொடி ஆனால், 33 மீட்டர் போய்விடும். கடை வாசலில் மட்டும் பலகை இருந்தால் ஓட்டுநர் கடைசி நேரத்தில் பிரேக் போடுவார். பின்னால் வரும் பைக்காரர் என்ன செய்வார்? பாவம், வந்து மோதுவார். விவரம் தெரிந்த கடைக்காரர் கொஞ்சம் முன்னாலேயே பலகை வைப்பார். அதிலும் நாலு சொல்தான் இருக்கும். நாற்பது சொல் எழுதினால் யார் படிப்பது?

பலகைக்கு எவ்வளவு பலம் என்று உச்ச நீதிமன்றத்துக்கும் தெரியும். மதுக்கடை வழக்கு ஒன்று தமிழ்நாட்டிலிருந்து அங்கே போனது. 2016 டிசம்பர் 15ஆம் தேதி தீர்ப்பு வந்தது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. 2017இல் சிறிய ஊர்களுக்கு அது 220 மீட்டர் ஆனது. கடையைத் தள்ளி வைத்ததோடு நீதிமன்றம் விடவில்லை. கடை சாலையிலிருந்து தெரியவும் கூடாது, வழி காட்டும் விளம்பரப் பலகையும் கூடாது என்றது. கண்ணில் பட்டால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும் அல்லவா?

அரசுப் பலகைக்கு எழுத்து தெரியாதவரும் நிற்பார். வட்டம் என்றால் கட்டளை. முக்கோணம் என்றால் எச்சரிக்கை. நீலச் செவ்வகம் ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க் இருக்கும் இடம் சொல்லும். வளைவில் ஒரு முக்கோணம் இருக்கும். அதன் மேலேயே யாராவது பிறந்தநாள் பிளெக்ஸ் கட்டிவிடுவார்கள். அப்புறம் வளைவு எப்படித் தெரியும்?

வளைவு, பாலம், நாற்சந்தி, பஸ் ஸ்டாப் ஆகிய இடங்களில் வண்டியைப் போட்டுவிட்டுப் போகக் கூடாது. நீல வட்டத்தில் ஒரு சிவப்புக் கோடு இருந்தால், ஆளை இறக்கிவிட்டுப் போகலாம், வண்டியைப் போட்டு வைக்கக் கூடாது. குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு இருந்தால் நிற்கவே கூடாது. இளநீர் விலை கேட்பதற்குக்கூட.