மரு அல்ல, மஞ்சள் கொழுப்பு

முழங்கையிலும் முட்டியிலும் சின்னச் சின்னப் புடைப்புகளோடு பள்ளிப் பிள்ளை ஒன்றைத் தோல் மருத்துவரிடம் அழைத்து வந்தால், தாம்பரமானாலும் குரோம்பேட்டையானாலும் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “மருதானே டாக்டர், சுட்டு எடுத்துடலாமா?” வலிக்காது, அரிக்காது, சீருடைக்குள் மறைந்துவிடும். அதனாலேயே வருடக்கணக்கில் யாரும் கண்டுகொள்வதில்லை.

புடைப்பு மஞ்சளாக இருந்தால் கதையே வேறு. சாந்தோமா என்பது அதன் பெயர். கிரேக்கத்தில் சாந்தோஸ் என்றால் மஞ்சள். மருத்துவர் அடுத்துப் பார்க்க வேண்டியது பிள்ளையின் விரலிடுக்குகளை. அங்கேயும் மஞ்சள் தடிப்பு இருந்தால், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்த பரம்பரைக் கொழுப்பு நோய் என்று பெரும்பாலும் அப்போதே சொல்லிவிடலாம். குதிகாலுக்கு மேலுள்ள நாண் தடித்திருக்கும். தாத்தாவின் கண்ணில் தெரிய வேண்டிய வெள்ளை வளையம் பேரனின் கருவிழியைச் சுற்றி நிற்கும்.

ரத்தத்திலுள்ள எல்.டி.எல். கொலஸ்ட்ராலைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரல் செல்களில் இருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பிள்ளைகளுக்கு அந்த ஏற்பிகள் வேலை செய்வதில்லை. 110-க்குள் இருக்க வேண்டிய எல்.டி.எல். 400-ஐத் தாண்டும். தோலில் தேங்கும் அதே கொழுப்பு இதயக் குழாய்களிலும் படிவதால், பதின்வயதிலேயே மாரடைப்பு வரக்கூடும். “நெய்யைத் தொடவே மாட்டானே” என்று அம்மா சொல்வது உண்மைதான். குற்றவாளி நெய் அல்ல.

அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள்ளேயே முடிக்கும் ஊர் இது. ஒரே பழுது இரு பக்கமிருந்தும் வந்து சேர வாய்ப்பு அதிகம். ஆகவே பெற்றோருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் கையோடு ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும்.

இந்த ரத்தப் பரிசோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. 1974-ல் அமெரிக்காவில் பட்டாச்சார்யா, கானர் என்ற இரு ஆய்வாளர்கள் அக்கா தங்கை இருவரைப் பற்றி எழுதினார்கள். இதே புடைப்புகள், ஆனால் கொலஸ்ட்ரால் சரியான அளவில். ரத்தத்தில் மிதந்தது தாவரக் கொழுப்பான சிட்டோஸ்டெரால். நல்லெண்ணெய், கடலை வழியாக நம் வயிற்றுக்குள் போகும் இதைக் குடல் திருப்பித் தள்ளிவிடும்; அந்தச் சகோதரிகளின் உடல் தள்ளவில்லை. இந்தக் கோளாறுள்ள சில குழந்தைகளுக்குக் கொலஸ்ட்ராலும் கூடவே ஏறுவதால், முதல் நோயென்றே தோன்றும். சாதாரண லேப் சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டாது. சிகிச்சையோ வேறு. கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரும் ஸ்டாடின் மாத்திரை இங்கே அவ்வளவாக எடுபடாது. ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று பாக்கெட்டில் அச்சிட்ட எண்ணெயையும் அளந்துதான் ஊற்ற வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டோடு எசெட்டிமைப் மாத்திரையும் சேர்ந்தால், பல பிள்ளைகளுக்கு முழங்கைப் புடைப்புகள் மெல்லச் சுருங்கத் தொடங்கும்.