தலைக்கவசமும் மூன்றாம் மனிதரும்

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்பது நம் முன்னோர் வாக்கு. பேராபத்து வந்தும் சிறு சேதத்தோடு தப்பியவனைப் பார்த்துச் சொல்லும் பழமொழி அது. தலைப்பாகை இருந்த இடத்தில் இன்று தலைக்கவசம் வந்து அமர்ந்திருக்கிறது. ஆனால், தலைக்கு வருவதைத் தான் ஏற்றுக்கொள்ளும் ஆற்றல் அந்தக் கவசத்துக்கு உண்டா என்று பார்த்துச் சொல்பவர் யார்? இந்தக் கேள்வி எனக்குப் பாடப்புத்தகத்தில் பிறந்ததன்று. எங்கள் வீட்டில் பிறந்தது.

எங்கள் ஊர் பருத்திப்பட்டு. ஆவடியிலிருந்து பூந்தமல்லி செல்லும் நெடுஞ்சாலையில், ஏரியை ஒட்டி அமைந்த ஊர். என் அண்ணன் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் வேலை பார்ப்பவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை பெய்த ஒரு மாலையில் வேலை முடிந்து திரும்பும்போது, தண்ணீர் மூடிய பள்ளத்தில் வண்டிச் சக்கரம் இறங்கிக் கீழே விழுந்தார். தலையில் ஹெல்மெட் இருந்தது. வாரையும் ஒழுங்காகவே மாட்டியிருந்தார். ஆயினும் விழுந்த வேகத்தில் வார் பிய்ந்துகொண்டது. ஹெல்மெட் ஒரு புறம் உருண்டது. தலை தார்ச்சாலையில் மோதியது. உயிர் பிழைத்தார். இடது காது மட்டும் இன்றுவரை கேட்பதில்லை.

அது சாலையோரத்தில் முந்நூறு ரூபாய்க்கு வாங்கிய ஹெல்மெட். அதன் பின்புறத்தில் 'ஐ.எஸ்.ஐ.' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதை வாங்கி வந்தவன் நான். "முத்திரை இருக்குதுண்ணா, நல்ல சரக்குதான்" என்று காட்டியவனும் நானே.

அண்ணன் மருத்துவமனையில் இருந்த நாட்களில் அந்த ஹெல்மெட்டை அறுத்துப் பார்த்தேன். மேலே மெல்லிய பிளாஸ்டிக் ஓடு, உள்ளே துணி, துணிக்குள் விரற்கடை அளவு பஞ்சு போன்ற ஸ்பான்ஜ். அவ்வளவுதான். இயற்பியல் மாணவனாகிய எனக்கு அப்போதுதான் உறைத்தது. உயரத்திலிருந்து பாறையில் குதிப்பவன் காலை ஒடித்துக்கொள்கிறான். அதே உயரத்திலிருந்து வைக்கோற்போரில் குதிப்பவன் சிரித்துக்கொண்டு எழுகிறான். காரணம், வைக்கோல் அமுங்கி அவன் நிற்பதற்குச் சற்று நேரம் கொடுக்கிறது. நிற்கும் நேரம் நீண்டால் தாக்கும் விசை குறையும். நல்ல ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் கெட்டியான தெர்மோகோல் அடுக்கு அந்த வைக்கோற்போரின் வேலையைத்தான் செய்கிறது. தான் நசுங்கி மூளையைக் காக்கிறது. மென்மையான ஸ்பான்ஜோ, ஒரே அழுத்தில் தட்டையாகிவிடும். பிறகு அது இருந்தும் இல்லாததே. இதில் வேதனை என்னவென்றால், இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே பளபளக்கும். கண்ணால் பார்த்துத் தரம் அறிய இயலாத பொருள் இது. அடிபட்டால்தான் உண்மை தெரியும்; அப்போது தெரிந்து பயன் இல்லை.

இதை எதிர்வீட்டுத் தாத்தாவிடம் சொல்லி வருந்தினேன். அவர் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்த தொழிற்சாலை அது. அவர் சொன்னார்: "தம்பி, நாங்க செஞ்ச வண்டியை நாங்களே நல்லாயிருக்குன்னு சொல்லி அனுப்பிட முடியாது. எங்களுக்குள்ளேயும் சோதனை உண்டு. ஆனா அதுக்கு மேல, தர உறுதிப் பிரிவுன்னு தனியா ஆளுங்க வருவாங்க. அவங்களுக்கு எங்க மேனேஜர் அதிகாரி இல்லை. அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் வண்டி பட்டாளத்துக்குப் போகும்."

தாத்தா சொன்னதில்தான் என் கேள்விக்கு விடை இருந்தது. பொருளைச் செய்பவர் முதலாமவர், வாங்குபவர் இரண்டாமவர். முதலாமவர் தம் பொருளைப் புகழ்வது இயல்பு. இரண்டாமவருக்குச் சோதிக்கக் கருவியும் இல்லை, அறிவும் இல்லை. எனவே விற்பனையில் இலாபமோ நட்டமோ இல்லாத மூன்றாம் மனிதர் ஒருவர் வேண்டும். நமக்கு இது புதிதா? நம் செய்முறைத் தேர்வுக்கு வேறு கல்லூரியிலிருந்து புறத்தேர்வாளர் வருகிறாரே, எதற்காக? நம் ஆசிரியர்மேல் ஐயம் கொண்டா? இல்லை. தேர்வு எழுதியவனும், அவனுக்குக் கற்பித்தவரும் அல்லாத ஒருவர் இடும் மதிப்பெண்ணையே ஊர் நம்பும் என்பதற்காக.

நம் நாட்டில் அந்த மூன்றாம் மனிதரின் முத்திரைதான் ஐ.எஸ்.ஐ. இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 1947ஆம் ஆண்டு ஜனவரியில் தோன்றியது. முத்திரை வழங்கும் அதிகாரத்தை 1952ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அளித்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1987 ஏப்ரல் முதல் நாள் அது இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஆயிற்று. நிறுவனத்தின் பெயர் மாறியும் முத்திரையில் பழைய மூன்று எழுத்துகளே நிலைத்துவிட்டன. அதன் தென்மண்டல அலுவலகம் சென்னைத் தரமணியில் உள்ளது.

இம்முத்திரை கேட்டவுடன் கிடைப்பதன்று. அமைவனத்தின் அலுவலர் தொழிற்சாலைக்கே சென்று, இயந்திரங்களையும் சோதனைக் கருவிகளையும் பார்வையிடுகிறார். மாதிரிகள் ஆய்வுக்கூடத்துக்குப் போகின்றன. தலைக்கவசத்துக்குரிய தர எண் ஐ.எஸ். 4151. அதன்படி, உணர்கருவி பொருத்திய உலோகத் தலையில் கவசத்தை மாட்டி, எஃகுப் பட்டறைமேல் விழச் செய்து, உள்ளே எட்டிய அதிர்ச்சியை அளக்கிறார்கள். வெப்பத்திலும் குளிரிலும் வைத்தெடுத்த கவசங்களையும் இவ்வாறே சோதிக்கிறார்கள். கூர்முனை ஓட்டைத் துளைக்கிறதா, வார் இழுவைக்குத் தாங்குகிறதா என்றும் பார்க்கிறார்கள். என் அண்ணனைக் கைவிட்டது அந்த வார்தான். தேறினால் உரிமமும் உரிம எண்ணும் கிடைக்கும். அதன் பிறகும் விட்டுவிடுவதில்லை. தொழிற்சாலையில் மறு ஆய்வு நடக்கும். கடையில் விற்கும் சரக்கையே வாங்கியும் சோதிப்பார்கள். தவறினால் உரிமத்தை நிறுத்தவும் நீக்கவும் அதிகாரம் உண்டு.

இத்தகைய ஏற்பாடுகள் பிற நாடுகளிலும் கண்ணீரிலிருந்தே பிறந்திருக்கின்றன. அமெரிக்காவில் பீட் ஸ்நெல் என்னும் கார்ப் பந்தய வீரர் 1956ஆம் ஆண்டு விபத்தில் இறந்தார். அவர் தலையில் கவசம் இருந்தும் அது காக்கவில்லை. அவருடைய நண்பர்கள் கூடி 1957இல் ஸ்நெல் நினைவு அறக்கட்டளையை நிறுவினார்கள். எந்தக் கவசத்தையும் செய்யாமல், விற்காமல், சோதித்துச் சொல்வதையே அது தொழிலாகக் கொண்டது.

நம் சட்டமும் இப்போது தெளிவாகவே இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, உரிய தரத்துக்கு ஏற்ற கவசத்தையே அணியச் சொல்கிறது. 2021 ஜூன் முதல் நாளிலிருந்து, ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இரு சக்கர வாகனத் தலைக்கவசத்தைச் செய்வதும் விற்பதும் குற்றம். இரண்டாண்டு வரை சிறையோ, முதல் முறைக்கே இரண்டு இலட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆயினும் போலித்தாள் ஒட்டிய சரக்கு சாலையோரம் தொங்கத்தான் செய்கிறது. ஏன்? நாம் தலைக்காக வாங்குவதில்லை. சந்திப்பில் நிற்கும் காவலருக்காக வாங்குகிறோம்.

அதே 2021 ஜூன் மாதத்தில்தான் தங்க நகைக்கும் ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாயிற்று. அந்த முத்திரையையும் தருவது இதே அமைவனத்தின் ஏற்பாடே. அரைச் சவரன் மோதிரத்தைத் திருப்பித் திருப்பி முத்திரை தேடும் நம் வீடுகளில், ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்ப்பவர் எத்தனை பேர்? நானும் பார்க்கவில்லையே!

ஆகவே நண்பர்களே, நான் விலை கொடுத்துக் கற்றதைச் சொல்கிறேன். ஐ.எஸ்.ஐ. என்ற எழுத்து மட்டும் போதாது. அதன் மேலே ஐ.எஸ். 4151 என்ற தர எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். 'பி.ஐ.எஸ். கேர்' என்னும் கைப்பேசிச் செயலியில் அந்த உரிம எண்ணை இட்டால், உரிமம் யாருக்கு உரியது, நடப்பில் உள்ளதா என்பது தெரிந்துவிடும். பெயர் பொருந்தவில்லையென்றால் வாங்காதீர்கள். அச்செயலியிலேயே புகாரும் செய்யலாம். முத்திரையும் மந்திரம் அன்று. அது குறைந்தபட்சத் தரத்துக்குச் சான்று, அவ்வளவே. வாரை மாட்டாவிட்டால் எந்த முத்திரையும் காக்காது. ஒரு முறை பலமாக அடிபட்ட கவசத்தின் தெர்மோகோல் நசுங்கியிருக்கும். அதை மீண்டும் அணியலாகாது.

அண்ணன் மீண்டும் வேலைக்குப் போகத் தொடங்கியபோது, ஆவடியில் ஒரு கடைக்கு இருவரும் சென்றோம். கடைக்காரர் ஒன்றை எடுத்து, "ஐ.எஸ்.ஐ. சார்" என்றார். நான் எண்ணைச் செயலியில் இட்டேன். கடைக்காரர் பொறுமையாகவே காத்திருந்தார். நிறுவனத்தின் பெயர் திரையில் வந்தது. ஹெல்மெட்டில் அச்சிட்டிருந்த பெயரும் அதுவே. அண்ணன் தம் வலது காதை என் பக்கம் திருப்பி, "என்னடா சொல்லுது?" என்று கேட்டார்.

"சரியா இருக்குதுண்ணா" என்றேன். இம்முறை அது என் வாய்ச்சொல் மட்டும் அன்று.